பொதுச் சாமான்

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க தம்பி, கால் இடிக்குது. நேத்து விடியக்காலையில காட்பாடியில நீங்க ஏறினப்பவே பார்த்தேன். அதைத் தூக்கி உள்ளே வைக்க ரெண்டு பேரு பிடிச்சாங்க. பட்டாளத்துல இருக்கறவரு, லீவு முடிஞ்சு போறவரு, இவருக்கு நாம என்ன சொல்றதுன்னு இத்தனை நேரம் வாயை மூடிட்டு இருந்தேன். ஆனா காலையில பெட்டியைத் திறந்தீங்க பாருங்க, அப்பவே முடியலே. ஊறுகாய் மட்டும் நாலு பாட்டிலு. முறுக்கு ஒரு டின்னு. இட்லிப் பொடி. அது என்னங்க, அப்பளமா? மொத்தம் எத்தனை கிலோ வரும்? தெரியாதா. எடை தெரியாமயே தூக்கிட்டு வந்திருக்கீங்க. நான் சொல்றேன், முப்பத்தி நாலுக்குக் குறையாது. கண்ணால பார்த்தே சொல்லிருவேன். முப்பத்தோரு வருஷம் முத்திரை ஆய்வாளரா இருந்தவன் நான். கடைக்காரன் தராசையும் படிக்கல்லையும் சோதிச்சு முத்திரை குத்தற வேலைங்க. நாச்சிமுத்து வர்றான்னு தெரிஞ்சா ஈரோடு மார்க்கெட்டுல பாதிக் கடை ஷட்டரை இறக்கிருவாங்க.

என்னது? கேம்ப்புல இருக்கற மத்தவங்களுக்கா? பன்னெண்டு பேருக்கும் நீங்களேவா?

இதைத்தான் தம்பி சொல்றேன். அவனவன் ஊறுகாயை அவனவன் சுமக்கட்டும். இன்னொரு முறுக்கு எடுத்துக்கறேன், உங்களுக்கும் கனம் குறையும்.

நான் எங்கே போறேனா? மலைக்குங்க. இமாச்சல்ல ஒரு கணவாய் இருக்குது, அஞ்சு நாள் நடை. போன வருஷம் நாலு பேரா போனோம். இந்த வருஷம் நான் மட்டும். அந்த மூணு பேரும் வர்றாங்க, இல்லேன்னு சொல்லலே. இதே ரயில்லதான் வர்றாங்க. நாலு பெட்டி தள்ளி, எஸ் எட்டு. எனக்கும் அதே நாள்தான் தோதுப்பட்டுது, வேற ஒண்ணுமில்லே. அவங்க மூச்சு வாங்கிட்டு அந்தக் கணவாய்க்கு வந்து சேரறப்ப நான் அங்க நின்னுட்டு இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லே. நிக்கணும்.

அவங்க யாருன்னு கேக்கறீங்களா? நடைக் கூட்டாளிங்க. காளிங்கராயன் வாய்க்கால் கரையில காலையில நாலு பேரும் நடப்போம், ஒம்பது வருஷமா. ராசப்பன்னு ஒருத்தன், மஞ்சள் மண்டி வெச்சிருக்கறான். சாதிக் பாய், மருந்துக் கடை. பூங்கோதைன்னு ஒரு டீச்சரம்மா, கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனது. மலைக்குப் போலாம்னு முதல்ல சொன்னது அந்தம்மாதான். ஆனா மலைன்னா என்னன்னு தெரியுமா அதுக்கு? ஒருத்தருக்கும் தெரியாது. மலையில நடக்கறதுல நடை பாதிதான் தம்பி. மீதிப் பாதி, முதுகுல என்ன இருக்குதுங்கறது. என் கணக்கு, உடம்பு எடையில ஆறுல ஒரு பங்குக்கு மேல பை போகக்கூடாது. ஒரு கிலோ கூடினா மூணாம் நாள் முழங்கால் சொல்லிரும். இதையெல்லாம் நான் பத்து புஸ்தகம் படிச்சு, குறிப்பெடுத்து, அவங்களுக்குச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாங்க. ஆட்டிட்டு வந்து பையைக் கட்டினாங்க பாருங்க, எருமை மாட்டு மேல ஏத்தற பொதி தோத்துரும்.

அதனாலதான் எடை போடறதுன்னு ஒரு வழக்கம் வெச்சேன். கிளம்பறதுக்கு முந்தின நாள் எல்லாரும் பையோட எங்க வீட்டுக்கு வரணும். கார் ஷெட்டுல இரும்பு விட்டத்துல என் ஸ்பிரிங் தராசைத் தொங்க விட்டிருப்பேன். நல்ல கனமான பழைய தராசு. வருஷா வருஷம் நானே கொண்டு போய் முத்திரை வாங்கிட்டு வருவேன், இன்னிக்கு வரைக்கும். ஆபீசுல புதுசா வந்திருக்கற பசங்க சிரிப்பானுங்க, வீட்டுத் தராசுக்கு எதுக்கு சார் முத்திரைன்னு. சிரிக்கட்டும். சரின்னா சரியா இருக்கணும்.

முதல்ல என் பையை மாட்டினேன். ஆறரைக் கிலோ. முள்ளு அசையாம நின்னுது. பாருங்கன்னேன். பார்த்தாங்க.

அப்புறம் ராசப்பன் பை. பதிமூணு. திறடான்னேன். தலகாணி கொண்டாந்திருக்கறான் தம்பி. மஞ்சள் மூட்டைக்கு நடுவுல படுத்துத் தூங்கறவன், மலைக்குத் தலகாணி. பாய் பையில பாதி மருந்துக் கடை இருந்துது. யாருக்கு என்ன வரும்னு தெரியாதுல்லங்க சார்னாரு. வர்றதுக்கு முன்னாலயே எல்லா வியாதிக்கும் இவரு சேர்த்துச் சுமப்பாராம். ஒரு அட்டை வலி மாத்திரையை விட்டுட்டு மீதியை எடுத்து ஓரமா வெச்சேன். பிளாஸ்திரி ரோல் ஒண்ணு இருந்துது, இவ்வளவு பெருசு, அதையும் எடுத்துட்டேன். எல்லாரோட பல் விளக்கற பிரஷ்ஷையும் வாங்கி ரம்பம் வெச்சுப் பாதியா அறுத்தேன். பாய் அதைப் பார்த்துட்டு, சார், விளக்கறப்ப விரல் வாய்க்குள்ள போகுமேன்னாரு. போனா என்னங்க? அவரு விரல்தானே.

அந்தம்மா பைதான் உச்சம். பதினாலரை. குடை ஒண்ணு. ஊசி நூல் டப்பா. கால் மாத்திப் போட ரப்பர் செருப்பு. இன்னொரு ஜோடி செருப்பு, யாருக்காவது பிஞ்சுட்டாங்குது. அதுக்கும் கீழே என்ன தெரியுமா? ஒரு பழைய நூல் சேலை. சேலை எதுக்கும்மான்னேன். துணி ஒண்ணு இருந்தா எதுக்காவது ஆகும் சார்னுது. எதுக்குன்னு சொல்லத் தெரியலே. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது, எதுக்காவது ஆகும்ங்குது. எல்லாத்தையும் எடுத்து வெளியில போட்டேன். அந்தம்மா சேலையை மடிச்சுக் கையில வெச்சுக்கிச்சு.

உங்க தண்ணி பாட்டிலைக் குடுங்க. நான் கொண்டாரலீங்க. ரயில்ல வழி நெடுக தண்ணி விக்கறான், அதை எதுக்கு ஈரோட்டுலருந்து சுமக்கணும்?

சரி. எடை போட்டு முடிச்சாச்சு. இப்பப் பொதுச் சாமான் பிரிக்கறது. இது நானே யோசிச்சு வெச்ச முறை. தனிச் சாமான்னா அவனவன் மட்டும் உபயோகிக்கறது. பொதுச் சாமான்னா யாருக்கு வேணாலும் உதவறது. பொதுச் சாமானைத் தெம்புக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுச் சுமக்கணும். எனக்கு அறுபத்தி ரெண்டு வயசு, என் பங்கு எப்படிப் பிரியும்னு உங்களுக்கே தெரியும். டென்டு, அடுப்பு, அரிசி, தண்ணி வடிகட்டி, இதெல்லாம் பொதுன்னு எவனும் ஒத்துக்குவான். வெந்நீர் ஃபிளாஸ்க் இருந்துது, வெந்நீர் எல்லாருக்கும்தானே? பொது. டீச்சர்கிட்ட குடுத்தேன். கனமான குளிர் ஜாக்கெட் ஒண்ணு. அவசரத்துக்கு யாருக்கு வேணாலும் ஆகும், அதுவும் பொது. பாய்கிட்ட. மடக்கு முக்காலி ஒண்ணு, பைனாகுலர், சத்து மாவு டப்பா, எல்லாம் பொது. தராசு பொதுவிலயும் பொது. அது ராசப்பனுக்கு.

ஜாக்கெட்டா? இல்லீங்க, வேற யாருக்கும் தேவைப்படலே. நான்தான் போட்டுக்கிட்டேன். ஆனா தேவைப்பட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?

மலையடிவாரத்துல ராசப்பன் ஒரு பேச்சை எடுத்தான். அங்க கோவேறு கழுதை வாடகைக்குக் கிடைக்குது, சாமானை அது மேல ஏத்திட்டா நாம சும்மா நடக்கலாம்ணேன்னான். எனக்கு வந்துது பாருங்க கோபம். சுமக்கறதுக்குக் கழுதை தேடறவன் எதுக்குடா மலைக்கு வர்றே, வீட்டுலயே படுத்துக்கன்னு சொன்னேன். கூட வழி காட்டறதுக்கு மட்டும் உள்ளூர் ஆளு ஒருத்தன், திலக் சிங்னு. நல்ல பையன். பேச மாட்டான்.

முதல் நாளு, ரெண்டாம் நாளு, என்னை யாராலயும் பிடிக்க முடியலே. நான் முன்னால போயிருவேன். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பாறை மேல உக்காந்து காத்திருப்பேன். கீழே பார்த்தா மூணு பேரும் குனிஞ்சு குனிஞ்சு வருவாங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கும். பயிற்சி இல்லே, கட்டுப்பாடு இல்லே. அந்தம்மா வந்ததும் ஃபிளாஸ்கைக் குடும்மான்னா, மூச்சு வாங்கிட்டே ஒரு பார்வை பார்க்கும். ராசப்பன் முக்காலியை இறக்கி வெக்கறப்ப டொம்முன்னு வெப்பான். அதுல உக்காந்துட்டு நான் சொல்லுவேன், பை கனம்னா மனசும் கனத்துரும் ராசப்பா, நாளைக்காவது இன்னும் எதையாவது தூக்கிப் போடுன்னு. எதைப் போடட்டும்ணே, சொல்லுங்கன்னான் ஒரு நாள். கேட்ட தொனி சரியில்லே.

மூணாம் நாள் கணவாய் ஏறியாச்சு. நான்தான் முதல்ல.

நாலாம் நாள் இறக்கத்துலதான் அந்தச் சின்ன விஷயம் நடந்துது. என் வலது ஷூவோட அடி பேந்துக்கிச்சு. ஒரேயடியா இல்லீங்க, முன்னால வாயைத் திறந்துது, பத்து எட்டு வெக்கறதுக்குள்ள முழுசாக் கழண்டு பின்னால தொங்குது. நல்ல ஷூ தம்பி. வாங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு, நாலு தடவைதான் போட்டிருப்பேன், அலமாரியில பத்திரமா வெச்சிருந்தேன். ஏன் தலையை ஆட்டறீங்க? அப்படி வெச்சிருந்தா பசை செத்துருமா? உங்க பட்டாளத்து பூட்ஸுக்கு வேணா அப்படி இருக்கலாம். அரை மணி நேரத்துல இடது ஷூவும் அதே மாதிரி. கீழே முழுக்கக் கூர்க்கல்லு. நடுவுல ரெண்டு இடத்துல பனி. நான் அங்கயே உக்காந்துட்டேன்.

செருப்பு யார்கிட்ட இருக்குதுன்னு கேட்டேன். பாய்தான் சொன்னாரு, எங்க செருப்பெல்லாம் உங்க கார் ஷெட்டுல இருக்குதுங்க சார்னு.

அப்பத்தான் அந்தம்மா ஸ்வெட்டரைத் தூக்கிட்டு இடுப்புலருந்து சேலையை உருவுது. நான் வேண்டாம்னு எடுத்து வெளியில போட்ட அதே சேலை. நாலு நாளா இடுப்புல சுத்திட்டு நடந்திருக்குது. மறுபடி எடை போட்டப்ப பையில இல்லே, அதனால முள்ளுல வரலே. என் முப்பத்தோரு வருஷ சர்வீசுல இப்படி ஒரு தில்லுமுல்லைப் பார்த்ததில்லே. இந்தப் பக்கம் பாய் சாக்ஸுக்குள்ளருந்து பிளாஸ்திரியை எடுக்கறாரு. ஆளாளுக்குக் கடத்தியிருக்கறாங்க தம்பி. என் முகத்துக்கு நேரா சரிங்க சார்னுட்டு, முதுகுக்குப் பின்னால கடத்தல். அந்தம்மா சேலையைப் பட்டை பட்டையாக் கிழிச்சு, அடியைச் சேர்த்து வெச்சுக் கட்டுச்சு. அதுக்கு மேல பாய் பிளாஸ்திரி சுத்தினாரு. என் காலை ரெண்டு பேரும் மடியில வெச்சுக்கிட்டு கட்டினாங்க. அதையும் சொல்லணும்ல.

அது இல்லேன்னா? வெறுங்கால்ல நடந்திருப்பேன். பனி இருந்துது, உண்மைதான். நடந்திருப்பேன்.

கட்டு நனைஞ்சு நனைஞ்சு அவுரும், அந்தம்மா மறுபடி கட்டும். மெதுவாத்தான் போக முடிஞ்சுது. என் பையை ராசப்பன் வாங்கி நெஞ்சுப் பக்கமா மாட்டிக்கிட்டான். முதுகுல ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு. ஆறரைக் கிலோதான், அதுக்குப் போய் மூஞ்சி செவந்து போச்சு அவனுக்கு. அப்பவும் நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். ராசப்பா, உன் தலகாணியை மட்டும் அன்னிக்கு நான் விட்டிருந்தா இன்னிக்கு உன் கதி என்ன ஆகியிருக்கும்னு யோசின்னேன். அவன் நின்னான். என்னைப் பார்த்தான். அப்புறம் நடந்தான்.

அடுத்த நாள் காலையில, கடைசி நாளு. நான் முகம் கழுவிட்டு வர்றேன். ஒரு தேவதாரு மரத்துக் கிளையில என் தராசு தொங்குது. கீழே என் பை. அந்தம்மா ராசப்பன் பையைத் திறந்து முக்காலியை எடுக்குது, என் பையில கட்டுது. பாய் ஜாக்கெட்டை மடிச்சு உள்ளே வெக்கறாரு. ஃபிளாஸ்க், பைனாகுலர், சத்து மாவு. அப்புறம் அரிசியில மிச்சமிருந்ததை நாலாப் பங்கு போட்டு ஒரு பங்கு. டென்டுக் கம்பியில ஒரு பங்கு. என்னம்மா பண்றேன்னேன். கணக்கு சார்னுது. பையைத் தூக்கி மாட்டுச்சு. மூணு பேரும் தள்ளி நின்னுக்கிட்டாங்க, எனக்கு முள்ளு தெரியணுமாம்.

பதிமூணரை. தராசு மட்டும் ராசப்பன் பைக்கே திரும்பிப் போச்சு, அது முக்கால் கிலோ தனி.

அது செல்லாது தம்பி. எத்தனையோ காரணம் இருக்குது. கிளை நேரா இல்லே. காத்து அடிச்சுது. முக்கியமா, அந்தக் குளிர்ல ஸ்பிரிங் சரியான எடை காட்டாது. இது சட்டப் புஸ்தகத்துலயே இருக்குது.

கூடவா காட்டும்னு கேக்கறீங்களா?

இல்லே. குறைச்சுத்தான் காட்டும். அது வேற விஷயம்.

அந்தம்மா சண்டை போடலே. சண்டை போட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். கடைசி நாள் ரோடு மாதிரி பாதைதான் சார், இன்னிக்கு உங்களது உங்ககிட்டயே இருக்கட்டும்னுது. சொல்லிட்டு மூணு பேரும் நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் தூக்கினேன். தூக்க முடியாம இல்லே. நூறு எட்டு, நூத்தம்பது எட்டு நடந்தேன். அப்புறம் திலக் சிங் வந்து கையை நீட்டினான். நான் கேக்கலே. அவனா நீட்டினான், குடுத்தேன்.

ஊருக்கு வந்தோம். மறுநாள் காலையில வாய்க்கால் கரைக்குப் போனேன். யாரும் வரலே. ரெண்டு நாள் கழிச்சுத்தான் பார்க்கறேன், மூணு பேரும் எதிர்க்கரையில நடக்கறாங்க. ஒம்பது வருஷமா நடந்த கரையை மாத்திட்டாங்க. அந்த வாய்க்கால் என்ன பெரிய அகலமாங்க, பேசினா கேக்கற தூரம்தான். நான் இந்தப் பக்கம் நடப்பேன், அவங்க அந்தப் பக்கம். பாய் மட்டும் ஒரு தடவை கையைத் தூக்கினாரு. நான் பார்க்காத மாதிரி போயிட்டேன்.

அதுக்கும் பொறுத்துக்கிட்டேன் தம்பி. தராசைக் குடுத்த விதம்தான் இன்னும் ஆறலே. ராசப்பன் பையிலயே இருந்துதுல்ல, கொண்டாந்து குடுக்கணும்ல? ஒரு நாள் கதவைத் திறக்கறேன், கேட்டுக் கம்பியில ஒரு மஞ்சப்பை தொங்குது. உள்ளே தராசு. மணி அடிச்சுக் கூப்பிடலே. ஒரு டீ குடிச்சுட்டுப் போயிருக்கலாம். எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான், டீ போடத் தெரியும் எனக்கு. வலிச்சுது. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, இன்னிக்கும் வலிக்குது. யாரு சொல்லி இவங்களுக்கு மலை தெரியும்? யாரு சொல்லி கிராம்னா என்னன்னு தெரியும்? இந்த வருஷம் போறாங்கன்னு பாய் கடையில வேலை பார்க்கற பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

முந்தாநாள் ராத்திரி ஈரோடு ஸ்டேஷன்லயே பார்த்தேன் அவங்களை. புஸ்தகக் கடைக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். அவங்க ஏறின பிறகு ஏறினேன்.

வேகம் குறையுது. வந்துருச்சா? எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கங்க. என் பை சீட்டுக்கு அடியில இருக்குது பாருங்க, அந்த நீலம். இல்லீங்க, அது ஒண்ணுதான். கொஞ்சம் பெருசுதான் இந்த வருஷம். இந்தப் பை கம்பெனிக்காரன் துணியைக் கனமாப் போட்டுட்டான். உள்ளே எப்பவும் எடுத்துட்டுப் போறதுதான், ஒரு டென்டு, அடுப்பு, ஜாக்கெட்டு, ஃபிளாஸ்க்கு, அரிசி, அவ்வளவுதான். புதுசா செருப்பு ஒரு ஜோடி. ஒரு பழைய வேட்டி.

எடையா? போடலே. தராசை வீட்டுலயே வெச்சுட்டேன். அதுவே முக்கால் கிலோ, எதுக்கு வீண் கனம்?

இருங்க, இருங்க, உடனே எந்திரிக்க வேண்டாம். அவங்க இறங்கிப் போகட்டும். இந்தப் பக்கமாத்தான் வரணும், ஜன்னல்லருந்து தலையை உள்ளே இழுத்துக்கங்க. அதோ, அந்தச் செவப்புத் தொப்பி ராசப்பன். பின்னால பாய். அந்தம்மா பாருங்க, கையை வீசிட்டு நடக்குது. சிரிக்குது வேற.

பையைப் பார்த்தீங்களா தம்பி? மூணு பேரு பையையும் பாருங்க. போன வருஷம் இருந்ததுல பாதி இல்லே. எவ்வளவு சின்னதா, முதுகோட ஒட்டி, அழகாக் கட்டியிருக்கறாங்க பாருங்க. எல்லாம் எங்கிட்ட கத்துக்கிட்டது. ஒரு வார்த்தை சொல்ல மனசு வருமா அவங்களுக்கு?

சரி, போயிட்டாங்க. இப்பப் பிடிங்க. அந்த வாரைப் பிடிக்காதீங்க, அடியில கை குடுங்க. முழங்காலை மடக்கித் தூக்குங்க, கனம். டாக்சி நிக்கற இடம் வரைக்கும் போதும். உங்க பெட்டியை இன்னொரு கையில எடுத்துக்கலாம்ல, உங்களுக்குப் பழக்கம்தானே.